கூரையின் கதை – 14: வாசலோடு நின்ற அப்பாக்கள்

சென்ற வாரம் 1946-ல் நிறுத்தியிருந்தோம். போர் முடிந்து ராணுவம் விட்டுப்போன தகரக் கொட்டகைகளுக்குள் வீடில்லாத குடும்பங்கள் சட்டி பானையோடு புகுந்துகொண்டதைப் பார்த்தோம். அந்த ஆண்டு அக்டோபருக்குள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1,038 முகாம்களில் 39,535 பேர் குடியேறியிருந்தார்கள். முதலில் முறைத்த அதிகாரிகளே பிறகு அந்தக் கொட்டகைகளுக்குத் தண்ணீரும் மின்சாரமும் கொடுத்து வாடகை வாங்கத் தொடங்கினார்கள். கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும், எல்லாருக்கும் வீடு வந்துவிடும் என்று நாடே நம்பிய காலம் அது.

ஏறக்குறைய இருபது ஆண்டு தாண்டி, 1965-க்கு வருவோம்.

சனி, ஞாயிறு மட்டும்

லண்டனுக்குத் தென்கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், கென்ட் வட்டாரத்தில், வெஸ்ட் மாலிங் என்று ஒரு சிற்றூர். அதன் ஓரத்தில் கிங் ஹில் ஹாஸ்டல். வீட்டை இழந்த குடும்பங்கள் தற்காலிகமாகத் தங்குவதற்காகக் கென்ட் கவுண்டி கவுன்சில் நடத்திவந்த இடம். நம் ஜில்லா போர்டு போன்றதுதான் கவுண்டி கவுன்சில்.

வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், போக்கிடம் இல்லை என்று ஒரு குடும்பம் இங்கே வந்தால், அம்மாவையும் பிள்ளைகளையும் உள்ளே சேர்த்துக்கொள்வார்கள். அப்பாவுக்கு இடமில்லை. அவர் குடிகாரராகவோ அடிதடிக்காரராகவோ இருக்க வேண்டியதில்லை. ஒழுங்காக வேலைக்குப் போய்ச் சம்பளம் கொண்டுவருகிறவராக இருந்தாலும் விதி ஒன்றுதான். சனி, ஞாயிறுகளில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். ராத்தங்கக் கூடாது. மற்ற நாட்களில் எங்கே படுப்பது, எங்கே சாப்பிடுவது என்பதெல்லாம் அவர் பாடு. உள்ளே இருக்கும் மனைவி மக்களின் தங்கலுக்குக் கட்டணமும் உண்டு.

இன்னொரு விதியும் இருந்தது. தங்கல் மூன்று மாதம் வரைதான். அதற்குள் வேறு வீடு கிடைக்காவிட்டால் வெளியேற வேண்டும். தெருவில் குழந்தைகளை விட முடியாதல்லவா? அவர்களைக் கவுன்சிலின் குழந்தைகள் நலத்துறை பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். குடும்பம் முதலில் இரண்டாகும். மூன்று மாதம் கழித்து மூன்றாகும்.

குற்றம் செய்தவர்களுக்குக் கூட இவ்வளவு ஒழுங்காகத் திட்டமிட்ட பிரிவு கிடையாது. வீடு வாடகைக்குக் கொடுக்க ஆளில்லாமல் போனதற்கு இது ஏன்? விடை தேடினால், அந்தக் கட்டடத்தின் பழைய பெயர்ப்பலகைக்குப் போக வேண்டும். கிங் ஹில் ஹாஸ்டல் என்பது பிற்காலப் பெயர். அதற்கு முன்பு அது மாலிங் வட்டாரத்தின் ஒர்க்ஹவுஸ்.

பெயர் மாறியது, சுவர் மாறவில்லை

ஒர்க்ஹவுஸ் பற்றி இந்தத் தொடரின் தொடக்க வாரங்களில் விரிவாகப் பேசியிருக்கிறோம். சுருக்கமாக நினைவூட்டிவிடுகிறேன். 1834-ல் பிரிட்டன் ஏழைகள் சட்டத்தைத் திருத்தியது. உதவி கேட்பவன் ஒர்க்ஹவுஸுக்குள் வந்துதான் வாங்க வேண்டும். உள்ளே அவன் வாழ்க்கை, வெளியே கூலிக்குப் போகும் கடைசி ஏழையின் வாழ்க்கையைவிட ஒரு படி கீழாகவே இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. சோறு கீழ்த்தரமாக இருக்க வேண்டும் என்று மட்டும் அதற்குப் பொருளில்லை. ஆணுக்கு ஒரு பகுதி, பெண்ணுக்கு ஒரு பகுதி, குழந்தைகளுக்கு ஒரு பகுதி, நடுவில் மதில். மனைவி மக்களைப் பிரிய வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் எவனும் எளிதில் கதவைத் தட்டமாட்டான் என்று கணக்குப் போட்டார்கள். கணக்குத் தப்பவில்லை. மக்கள் அந்தக் கட்டடங்களை 'பாஸ்டில்' என்று பிரெஞ்சுச் சிறையின் பெயரால் அழைத்தார்கள்.

அந்த மதிலுக்குள் போய்வந்த பிள்ளைகளில் ஒருவரை நமக்கெல்லாம் தெரியும். 1896-ல், ஏழு வயதில், அம்மாவோடும் அண்ணனோடும் தெற்கு லண்டன் ஒர்க்ஹவுஸுக்குள் நுழைந்த சார்லி சாப்ளின். அம்மாவைப் பெண்கள் பகுதிக்கும் பையன்களைக் குழந்தைகள் பகுதிக்கும் பிரித்தார்கள். சில வாரங்களில் பையன்களை ஹான்வெல் ஊரிலிருந்த ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு அனுப்பினார்கள். 'தி கிட்' படத்தில் அனாதை விடுதிக்காரர்கள் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போகும்போது அந்த நாடோடி கூரைமேல் ஏறி ஓடுகிறானே, அந்த ஓட்டம் எங்கே தொடங்கியது என்று ஊகிப்பது கடினமல்ல.

இதற்கெல்லாம் முடிவுகட்டத்தான் 1948-ல் தேசிய உதவிச் சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் அன்யூரின் பெவன். சுரங்கத் தொழிலாளியின் மகன், தானும் சின்ன வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். இலவச மருத்துவத்தை நாட்டுக்குத் தந்த அதே அமைச்சர். அந்த மருத்துவத் திட்டம் தொடங்கிய 1948 ஜூலை 5 அன்றே இந்தச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. பழைய ஏழைகள் சட்டம் இனிச் செல்லாது என்று முதல் பிரிவிலேயே எழுதிவிட்டார்கள்.

அதன் 21-ஆம் பிரிவு நம் கதைக்கு முக்கியம். அவசரமாக இருப்பிடம் தேவைப்படுவோருக்குத் தற்காலிகத் தங்குமிடம் தர வேண்டியது கவுண்டி கவுன்சில்களின் கடமை என்றது அது. சட்டத்தின் மூன்றாம் பாகத்தில் இந்தப் பிரிவு இருந்ததால், இத்தகைய விடுதிகளுக்கு அலுவலகப் பேச்சில் 'பார்ட் த்ரீ' என்றே பெயர் நிலைத்தது. "பார்ட் த்ரீக்குப் போய்விட்டார்கள்" என்றால் வீடு போய்விட்டது என்று பொருள்.

சட்டம் புதிது. இடம்? போரில் குண்டு விழுந்த நாட்டில் புதிய விடுதி கட்டச் செங்கல் ஏது, பணம் ஏது. கவுன்சில்களின் கையில் காலியாக இருந்த பெரிய கட்டடங்கள் பழைய ஒர்க்ஹவுஸ்கள்தான். அவற்றுக்கே வெள்ளையடித்துப் புதுப் பெயர் வைத்தார்கள். லண்டனில் சதர்க் பகுதி ஒர்க்ஹவுஸ், நியூயிங்டன் லாட்ஜ் ஆனது. கென்ட்டில் மாலிங் ஒர்க்ஹவுஸ், கிங் ஹில் ஆனது. நீளநீளப் படுக்கைக் கூடங்கள், பொதுக் கழிப்பறை, பொதுச் சமையலறை. பல பெண்கள் பிள்ளைகளோடு சேர்ந்து படுக்கும் கூடத்தில் ஆண்களை எப்படி அனுமதிப்பது என்று நிர்வாகிகள் கேட்டார்கள். நியாயம் போலத்தான் தெரியும். அந்தக் கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்து அறைகளாக்க யாருக்கும் பதினைந்து வருஷமாகத் தோன்றவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். கணவனை வெளியே நிறுத்தினால்தான் அவன் வீடு தேட ஓடுவான், உள்ளே விட்டால் உட்கார்ந்துவிடுவான் என்ற 1834-ன் புத்தி, சுவர்களோடு சேர்ந்து கைமாறி வந்திருந்தது.

'எதிர்பாராத' என்ற சொல்

21-ஆம் பிரிவில் இன்னொரு சிக்கலும் இருந்தது. முன்கூட்டி எதிர்பார்த்திருக்க முடியாத சூழ்நிலையால் வந்த தேவையாக இருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். மற்றவர்களைச் சேர்ப்பதும் விடுவதும் கவுன்சிலின் விருப்பம்.

எழுதியவர்கள் மனதில் இருந்தது தீயும் வெள்ளமும். 1953 ஜனவரி 31 இரவு வட கடல் பொங்கி இங்கிலாந்தின் கிழக்குக் கரை முழுக்க ஊருக்குள் வந்தது. 307 பேர் மாண்டார்கள். முப்பதாயிரம் பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். இப்படியொரு இரவுக்குத்தான் இந்தச் சட்டம் என்று நினைத்தார்கள். மற்றபடி வீட்டுப் பஞ்சம் தானாகத் தீர்ந்துவிடும் என்று நம்பினார்கள். பெவனின் அரசு ஆறு ஆண்டில் பத்து லட்சத்துக்கும் மேல் வீடுகளைக் கட்டி முடித்திருந்தது. அந்த நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

ஆனால் ஐம்பதுகளின் கடைசியில் 'பார்ட் த்ரீ' வாசலில் வந்து நின்றவர்கள் வெள்ளத்தில் வீடு இழந்தவர்கள் அல்லர். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னவர்கள். அவர்கள் கையில் நோட்டீஸ் இருந்தது. நோட்டீஸ் வந்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? தெரிந்தும் ஏன் வேறு வீடு பார்க்கவில்லை? இப்படித்தான் போனது அதிகாரியின் கேள்வி.

வேறு வீடு ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு விடை 1957-ன் வாடகைச் சட்டத்தில் இருக்கிறது. போர்க்காலத்திலிருந்து பழைய வீடுகளின் வாடகை கட்டுப்பாட்டில் இருந்தது. கன்சர்வேட்டிவ் அரசு அதைத் தளர்த்தியது. மதிப்பு கூடிய வீடுகளுக்குக் கட்டுப்பாடு உடனே போயிற்று. மற்ற வீடுகளில் பழைய குடித்தனக்காரர் இருக்கும்வரை கட்டுப்பாடு; அவர் காலி செய்த நாளில் அதுவும் போகும். கட்டுப்பாடு போனால் வீட்டுக்காரர்கள் வீடுகளைச் செப்பனிட்டு நிறைய வாடகைக்கு விடுவார்கள் என்பது அரசின் எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. பழைய ஆளைக் கிளப்பினால் வாடகையை ஏற்றலாம் அல்லது வீட்டையே நல்ல விலைக்கு விற்கலாம் என்றால், கிளப்பத்தானே பார்ப்பார்கள்?

இதில் பேர் பெற்றவர் பீட்டர் ராக்மன். நாட்டிங் ஹில் பகுதியில் பழைய மாளிகைகளை வாங்கி அறை அறையாகப் பிரித்து விட்டவர். கறுப்பினத்தவருக்கும் ஐரிஷ்காரருக்கும் வீடில்லை என்று ஜன்னலில் எழுதிவைத்த லண்டனில், கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களுக்கு அவர் அறை கொடுத்தார், அதற்கேற்பக் கறந்தார். குறைந்த வாடகையில் இருந்த பழைய குடித்தனக்காரர்களை விரட்ட அடியாட்களை ஏவினார். 1962-ல் அவர் இறந்தபோது பெரிதாக யாருக்கும் தெரியாது. அடுத்த ஆண்டு அமைச்சர் ப்ரொஃபியூமோவின் கள்ள உறவு விவகாரம் வெடித்தபோது அவர் பெயரும் சந்திக்கு வந்தது. 'ராக்மனிசம்' என்று ஆங்கில அகராதியில் ஒரு சொல்லே ஏறியது. 1965 மார்ச்சில் வெளியான மில்னர் ஹாலண்ட் குழுவின் அறிக்கை, லண்டனில் வாடகைக்கு இருப்பவர்கள் படும் பாட்டை ஆதாரத்தோடு அடுக்கியது.

இந்தச் சந்தையில் மிகவும் அடிபட்டவர்கள் பிள்ளை குட்டிக்காரர்கள். குழந்தைகள் இருந்தால் வீடில்லை என்பது அங்கேயும் வழக்கமான பதில்தான். மூன்றாவது குழந்தை பிறந்ததும் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரர்கள் உண்டு. கவுன்சில் வீட்டுக்கு மனுப் போட்டால் வரிசை ஆண்டுக் கணக்கில் நீண்டது. பல ஊர்களில் அந்த ஊரிலேயே பல வருஷம் குடியிருந்திருந்தால்தான் வரிசையிலேயே பெயர் ஏறும்.

மூன்று மேசைகள்

நம்மூரில் தாலுகா ஆபீஸுக்குப் போனால் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போ என்பார்கள், அங்கே போனால் இங்கே கைகாட்டுவார்கள். பிரிட்டனிலும் அதே கதை. தற்காலிகத் தங்குமிடம் கவுண்டி கவுன்சிலின் நலத்துறை பொறுப்பு. நிரந்தர வீடு அதற்குக் கீழுள்ள மாவட்டக் கவுன்சிலின் வீட்டுத்துறை பொறுப்பு. குழந்தைகள், கவுண்டியின் குழந்தைகள் நலத்துறை பொறுப்பு. நலத்துறையிடம் வீடு கிடையாது. வீட்டுத்துறைக்கு இவர்கள் யாரென்றே தெரியாது. தெரிந்தாலும், வரிசையில் நிற்பவர்களை முந்திக்கொண்டு இவர்களுக்குக் கொடுத்தால் ஊர் சும்மா இருக்குமா என்று கேட்கும்.

மூன்று மேசைகளில் இரண்டு மேசைக்காரர்கள் கைவிரித்தால், மூன்றாவது மேசைக்காரர் மட்டும் தன் வேலையைச் செய்வார். பிள்ளைகளை எடுத்துக்கொள்வார். ஒரு வீட்டின் வாடகையைவிட அந்த வீட்டுப் பிள்ளைகளை அரசு விடுதியில் வளர்க்கும் செலவு அதிகம் என்று அப்போதே பலர் சுட்டிக்காட்டினார்கள். பணம் வேறு வேறு பைகளிலிருந்து போனதால் யார் கணக்கிலும் அது நஷ்டமாகத் தெரியவில்லை.

அதிகாரிகளின் கோப்புகளில் இந்தக் குடும்பங்களுக்கு ஒரு பெயர் உண்டு: 'பிரச்னைக் குடும்பங்கள்'. வீட்டுப் பஞ்சம் என்று எழுதினால் வீடு கட்ட வேண்டும். குடும்பமே பிரச்னை என்று எழுதிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

போகமாட்டேன் என்ற கணவர்கள்

1965-ல் கிங் ஹில்லில் ஒரு கணவர் தன் மனைவி பிள்ளைகளோடு உள்ளே போய்த் தங்கிவிட்டார். கிளம்பு என்றபோது மறுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். கூச்சல் இல்லை, கல்லெறி இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து பெண்டாட்டி பிள்ளை இருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள், அவ்வளவுதான். உலகெங்கும் குடும்பஸ்தர்கள் அன்றாடம் செய்கிற காரியம். அதை அந்த வாசலுக்குள் செய்ததால் போராட்டம் ஆகிவிட்டது.

அவர்களுக்குத் துணைக்கு வந்தவர்களில் ஜிம் ராட்ஃபோர்டு என்பவரைச் சொல்ல வேண்டும். 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கியபோது, வணிகக் கப்பற்படையின் இழுவைப் படகு ஒன்றில் பதினைந்து வயதுப் பையனாகப் போனவர். பிற்காலத்தில் அணுகுண்டு எதிர்ப்பு இயக்கத்தில் ஊறியவர். ரான் பெய்லி என்ற இளைஞரும் உடன் இருந்தார். மனுப் போடுவது, தூது போவது எல்லாம் அலுத்துப்போன கூட்டம் இது. விதி தவறென்றால் அதை மீறிக் காட்டிவிட்டு, பிறகு பேசலாம் என்பது இவர்கள் வழி.

கவுன்சில் உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. கணவர்கள் ஹாஸ்டலுக்குள் நுழையக் கூடாது என்று தடையாணை வாங்கியது. ஆணையை மீறி உள்ளே இருந்தவர்கள் மீது நீதிமன்ற அவமதிப்பு. சிலர் சிறைக்குப் போனார்கள். எந்தக் குற்றத்துக்கு என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். மனைவியோடு ஒரே கூரையின் கீழ் படுத்ததற்கு என்பதைத் தவிரச் சொல்வதற்கு வேறு பதில் இல்லை. கவுன்சில் வென்ற ஒவ்வொரு வழக்கும் செய்தித்தாளில் அதற்குத் தோல்வியாக வந்தது. மூன்று மாதக் கெடு முடிந்த பெண்களும் நகர மறுத்தார்கள்.

ஏறக்குறைய ஓர் ஆண்டு இழுத்தது. 1966-ல் கென்ட் கவுன்சில் இறங்கிவந்தது. கணவர்கள் உள்ளே வரலாம். மூன்று மாதத்தில் வெளியே தள்ளும் விதியும் போயிற்று. 1948 சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. கணவரை வெளியே நிறுத்து என்று அந்தச் சட்டம் ஒருபோதும் சொல்லியிருக்கவில்லை. ஆகவே உள்ளே விடுவதற்கு அதைத் திருத்த வேண்டிய தேவையும் வரவில்லை.

இன்று அந்தப் பக்கம் போனால் 'கிங்ஸ் ஹில்' என்ற பலகையைப் பார்க்கலாம். அருகிலிருந்த போர்க்கால விமானத்தளத்தை அதே கென்ட் கவுன்சில் வாங்கி, ஒரு கட்டுமான நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய புது நகர். அகலமான தெருக்கள், அலுவலகங்கள், கோல்ஃப் மைதானம். வீட்டு விளம்பரங்களில் அந்தப் பெயருக்கு இப்போது நல்ல விலை.

ஒன்றேகால் மணி நேரப் படம்

கிங் ஹில் சண்டை நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், லண்டனில் ஜெரமி சாண்ட்ஃபோர்டு என்ற எழுத்தாளர் ஒரு கதையைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். பேட்டர்ஸியில் அவர் குடியிருந்தபோது அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி வீட்டை இழந்து நியூயிங்டன் லாட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தாள். போய்ப் பார்த்தவர் அதிர்ந்துபோனார். பணக்காரர் வீட்டுப் பிள்ளை, ஈட்டன் பள்ளியில் படித்தவர். தன் ஊரிலேயே இப்படியொரு இடம் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. முதலில் வானொலிக்குச் செய்தார். கேட்டார்கள், மறந்தார்கள்.

1966 நவம்பர் 16 இரவு, அவர் எழுதிய 'கேத்தி கம் ஹோம்' பிபிசி தொலைக்காட்சியில் வந்தது. இயக்கியவர் கென் லோச், அப்போது முப்பது வயது. தயாரித்தவர் டோனி கார்னெட். ஸ்டூடியோவில் தட்டி கட்டி நாடகம் எடுத்த காலத்தில், இவர்கள் கையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார்கள். காதலித்துக் கல்யாணம் செய்த கேத்தியும் ரெஜும் நல்ல ஃப்ளாட்டில் தொடங்குகிறார்கள். ரெஜுக்கு விபத்து, சம்பளம் நிற்கிறது. ஒண்டுக் குடித்தனம், பிறகு கேரவன், பிறகு இடிந்த வீடு என்று ஒவ்வொரு படியாகச் சறுக்கி 'பார்ட் த்ரீ' ஹாஸ்டலுக்கு வருகிறார்கள். வாசலில் ரெஜை நிறுத்திவிடுகிறார்கள். கடைசியில் ஒரு ரயில் நிலையத்தில் கேத்தியின் மடியிலிருந்து பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். கேத்தியாக நடித்த கரோல் ஒயிட்டின் சொந்தப் பிள்ளைகளே அந்தக் காட்சியில் இருந்தார்கள்.

ஏறத்தாழ 1.2 கோடிப் பேர் அன்று பார்த்தார்கள். நாட்டில் நாலில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். வீடில்லாத காரணத்தால் ஆண்டுக்கு நாலாயிரம் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படுகிறார்கள் என்ற தகவலைப் படத்தின் முடிவில் எழுத்தில் போட்டார்கள். பார்த்தவர்கள் பலருக்கு அது கதையா, உண்மையா என்ற குழப்பம். கிங் ஹில் செய்திகளைப் படித்திருந்தவர்களுக்கு அந்தக் குழப்பம் இருந்திருக்காது.

படம் வந்த பதினைந்தாம் நாள், டிசம்பர் 1 அன்று, 'ஷெல்டர்' என்ற அறக்கட்டளை தொடங்கியது. புரூஸ் கென்ரிக் என்ற பாதிரியார் முன்கூட்டியே திட்டமிட்டிருந்த அமைப்பு. படம் அதற்கு நாடு முழுக்க வாசல் திறந்துவிட்டது. பர்மிங்காமில் படத்தைத் தொடர்ந்து நடந்த கூட்டங்களுக்குப் பிறகு கணவர்களை உள்ளே விட்டார்கள். குடும்பங்களைப் பிரிக்காதீர்கள் என்று மத்திய அரசின் அமைச்சகங்கள் சேர்ந்து கவுன்சில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியதும் அதே 1966-ல்தான். சுற்றறிக்கை என்பது அறிவுரை. கேட்டவர்கள் கேட்டார்கள்.

படத்தின் புகழில் கிங் ஹில் மங்கிப்போனது. வரலாற்றை எழுதுபவர்கள் கேத்தியில் தொடங்குகிறார்கள். நான் இந்த அத்தியாயத்தை வெஸ்ட் மாலிங்கில் தொடங்கியதற்குக் காரணம், படம் திரைக்கு வரும் முன்பே அந்தக் கணவர்கள் கென்ட்டில் வாசலைத் திறந்திருந்தார்கள் என்பதுதான்.

காலி வீடுகள்

அப்பா உள்ளே வந்தாலும் ஒர்க்ஹவுஸ் ஒர்க்ஹவுஸ்தான். ராட்ஃபோர்டும் பெய்லியும் அடுத்த கேள்விக்கு நகர்ந்தார்கள். குடும்பங்கள் இப்படிக் கிடக்க, ஊரில் இவ்வளவு வீடு ஏன் பூட்டிக் கிடக்கிறது?

1968 நவம்பரில் பெய்லியின் வீட்டில் கூடிய சிலர் 'லண்டன் காலிவீட்டுக் குடியேறிகள் இயக்கம்' தொடங்கினார்கள். டிசம்பர் 1 அன்று வான்ஸ்டெட் பகுதியில் ஆளில்லாமல் கிடந்த சொகுசுக் குடியிருப்பின் மொட்டைமாடியில் சில மணி நேரம் ஏறி நின்று தட்டி காட்டினார்கள். 1969 பிப்ரவரியில் விளையாட்டு முடிந்தது. இல்ஃபோர்டில், எப்போதோ வரப்போகும் திட்டத்துக்காக ரெட்பிரிட்ஜ் கவுன்சில் வாங்கிப் பூட்டிவைத்திருந்த வீடுகளில் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். யாரும் வரக்கூடாதென்று கவுன்சிலே சில வீடுகளின் உட்புறத்தை உடைத்துப் போட்டது. ஜப்தி ஆட்களை அனுப்பியது. கைகலப்புப் படங்கள் பத்திரிகைகளில் வந்தன.

அதே ஆண்டின் இறுதியில் தென்கிழக்கு லண்டனின் லூயிஷம் கவுன்சில் வேறு வழி யோசித்தது. அங்கே ஆட்சியில் இருந்தது கன்சர்வேட்டிவ் கட்சி. இடிக்கும் நாள் வரை சும்மா கிடக்கும் வீடுகளைக் குடியேறிகளின் சங்கத்திடமே ஒப்படைத்தது. சங்கம் வீட்டைப் பழுதுபார்த்துக் குடும்பத்தை வைக்கும். கவுன்சில் கேட்கும்போது திருப்பித் தரும். அடுத்த சில ஆண்டுகளில் மற்ற கவுன்சில்களும் இதைப் பின்பற்றின. தற்காலிகத் தங்குமிடம் என்றால் சொந்தக் கதவும் சொந்த அடுப்பும் உள்ள ஒரு வீடாகவும் இருக்கலாம் என்பது அப்போதுதான் நிரூபணமானது.

சட்டத்துக்குள் வந்த அப்பா

இவ்வளவுக்குப் பிறகும் எந்தக் குடும்பத்துக்கும் வீடு கேட்கும் உரிமை சட்டத்தில் இல்லை. அது வர 1977 ஆயிற்று. வைட் தீவின் உறுப்பினர், லிபரல் கட்சியின் ஸ்டீபன் ராஸ், தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். லேபர் அரசு துணை நின்றது. வீடற்றோர் சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. டிசம்பர் முதல் தேதிக்கும் இந்தக் கதைக்கும் ஏதோ பொருத்தம்.

வீடற்றவர்கள் பொறுப்பை நலத்துறையிடமிருந்து எடுத்து, வீடுகளைக் கையில் வைத்திருக்கும் வீட்டுத்துறையிடம் இந்தச் சட்டம் கொடுத்தது. சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பங்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் முன்னுரிமைப் பட்டியலில் வந்தார்கள். அவர்களுக்கு இடம் தருவது இனி கவுன்சிலின் கடமை.

மசோதா பயணத்தில் எதிர்ப்பும் இருந்தது. வேண்டுமென்றே வீட்டை விட்டுவிட்டு வந்து அரசு வீடு கேட்பார்கள் என்று பல உறுப்பினர்கள் எச்சரித்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, 'வேண்டுமென்றே வீடிழந்தவர்' என்ற ஒரு சோதனை சட்டத்துக்குள் புகுந்தது. வாடகை பாக்கியால் வீடு போனதா? நீங்களே காலி செய்தீர்களா? அப்படியானால் முழு உரிமை இல்லை. 1948-ல் 'எதிர்பாராத' என்ற சொல் பார்த்த வேலையை இப்போது 'வேண்டுமென்றே' ஏற்றுக்கொண்டது.

ஆனால் முதல் பிரிவில் யாரும் அதிகம் கவனிக்காத ஒரு வாசகம் இருக்கிறது. வீடற்றவர் யார் என்ற விளக்கம் அது. ஒருவரும், வழக்கமாக அவரோடு குடும்பமாக வசிப்பவர்களும், சேர்ந்து இருக்க இடமில்லை என்றால் அவர் வீடற்றவர். அம்மாவுக்குப் படுக்க இடமிருக்கிறது, அப்பாவுக்கும் எங்கோ ஒரு மூலை இருக்கிறது, பிள்ளைகளுக்கு விடுதி இருக்கிறது, ஆனால் எல்லாரும் ஒன்றாக இருக்க முடியவில்லை என்றால், அந்தக் குடும்பத்துக்கு வீடில்லை. கிங் ஹில்லில் தடையாணையை மீறிப் படுத்த கணவர்கள் சொன்னதும் இதுதான். பன்னிரண்டு ஆண்டு கழித்து, வக்கீல் நடையில், சட்டப் புத்தகத்தில் அது ஏறியது.

கவுன்சில்கள் கடமையை ஏற்றன. குடும்பங்களைப் பிரிக்கவில்லை. அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்தே வைத்தன, ஒரே அறையில். 1980-ல் கவுன்சில் வீடுகளை விற்கும் சட்டம் வந்தபின் கொடுக்க வீடு குறைந்தது. லண்டன் பேஸ்வாட்டரின் சுற்றுலா ஹோட்டல்கள் அகதி முகாம்கள் போல நிரம்பின. 1984-ல் அப்படியொரு ஹோட்டலில் பிடித்த தீயில் ஒரு வங்காளதேசத் தாயும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். மற்ற வங்காளதேசக் குடும்பங்கள் பிள்ளைகளோடு கிளம்பிப் போய் கேம்டன் நகர மன்றத்துக்குள் உட்கார்ந்தன.

அவர்கள் அங்கே எத்தனை நாள் இருந்தார்கள், என்ன கேட்டார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம். 2024 மார்ச் முடிவில் இங்கிலாந்தில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் தற்காலிகத் தங்குமிடங்களில் இருந்தார்கள். அந்த எண்ணுக்கு நாம் வந்து சேரும் பாதை அந்த ஹோட்டல் அறைகளின் வழியாகத்தான் போகிறது.

(தொடரும்)